கடுகு என்ன பாவம் செய்தது?

சுரண்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார்: "யுத்தச் செய்தியில் 'கடுகு வாயு' என்று படித்தேன். நாம் தாளிக்கிற கடுகிலிருந்தா அதைச் செய்கிறார்கள்? என் மாமியார் அப்படித்தான் என்று சாதிக்கிறார்."

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அம்மா. அதற்கும் கடுகுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. நெடி மட்டும் கடுகு, பூண்டு மாதிரி இருக்குமாம். அதனால் வந்த பெயர். உண்மையில் அது வாயுவும் அல்ல, எண்ணெய் போன்ற திரவம். முதல் உலக யுத்தத்தில், 1917-ல், ஜெர்மானியர் அதை பெல்ஜியத்தில் பிரயோகித்தார்கள். மேலே பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் தோல் கொப்புளிக்கும். கண்ணைத் திறக்க முடியாது. பட்டது தெரியாமலே மனிதன் நடமாடிக் கொண்டிருப்பான் என்பதுதான் அதில் பெரிய கொடுமை.

1925-ல் ஜெனீவாவில் கூடி, யுத்தத்தில் விஷ வாயுவை உபயோகிக்கக் கூடாது என்று எழுதிக் கொண்டார்கள். செய்து சேர்த்து வைக்கக் கூடாது என்று எழுதவில்லை! பரணில் பாம்பை வைத்துக் கொண்டு, கடிக்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்த கதைதான். 1993-ல் கையெழுத்தாகி 1997-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தமே பரணைக் காலி செய்யச் சொல்லிற்று. சொன்னதோடு விடாமல், ஏறிப் பார்க்க ஆளையும் அனுப்பிற்று. ஹேக் நகரில் இதற்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. 2013-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

நம் வீட்டுப் பரண் எப்படி என்று கேட்கிறீர்களா? 1992-ல் இந்தியாவும் பாகிஸ்தானும், ரசாயன ஆயுதம் செய்யவும் மாட்டோம், உபயோகிக்கவும் மாட்டோம் என்று கூட்டாக அறிக்கை விட்டன. நம்மிடம் ஒன்றும் இல்லை என்றே ஊர் நினைத்திருந்தது. 1997 ஜூன் மாதத்தில் இந்தியா, "எங்களிடம் 1,044 டன் கடுகு வாயு இருக்கிறது" என்று ஒப்புக் கொண்டது! சுரண்டையிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லாரிகளில், லாரிக்குப் பத்து டன் வீதம் ஏற்றினாலும் நூறு லாரிக்கு மேல் வேண்டும். தர்மசங்கடம்தான். ஆனாலும் ஒளித்தே வைத்திருப்பதைவிட, கூசிக்கொண்டாவது கதவைத் திறந்ததை நான் மெச்சுவேன். பரிசோதகர்கள் பார்த்திருக்க, 2009-க்குள் அவ்வளவும் அழிக்கப்பட்டது. அல்பேனியா, தென் கொரியாவுக்கு அடுத்தபடி முழுக்க முடித்த மூன்றாவது தேசம் நாம்தான்.

2023 ஜூலையில் அமெரிக்காவும் முடித்தது. உலகில் கணக்குக் காட்டிய 72,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு அத்துடன் ஒழிந்தது. காட்டாத கணக்கு வேறு விஷயம். 2013-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஸிரியா கொடுத்த ஜாபிதாவில் எத்தனையோ விட்டுப் போயிருந்தது. எகிப்தும் வட கொரியாவும் கையெழுத்தே போடவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. உங்கள் பிள்ளை எழுதுகிற பால்பாயிண்ட் பேனாவின் மையில் சேர்க்கிற ஒரு திரவம், கடுகு வாயுவுக்கும் மூலப்பொருள். மையைத் தடை செய்ய முடியுமோ? ஆகையால் ஆயுதம் ஒழிந்த பிறகும் ரசாயனத் தொழிற்சாலைகளைச் சோதிப்பது நிற்கவில்லை. இங்கேயும் 2000-ல் அதற்கென்று தனிச் சட்டம் செய்தார்கள்.

தாளிக்கும்போது கண் எரிகிறது என்று மாமியார் சொன்னால், சகோதரி, அது வற்றல் மிளகாயின் வேலை. கடுகை விட்டுவிடச் சொல்லுங்கள்.