'ஓசி' எப்படி வந்தது? கம்பெனி தபாலில் இருந்து நெய்வேலி டவுன் பஸ் வரை!

நெய்வேலி டவுன்ஷிப்புக்குச் சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து வேலைக்கு வரும் பெண்கள், சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 2021 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் 'விடியல் பயணம்'. பேச்சு வழக்கில் கேலியாக ஒட்டிக்கொண்ட பெயர் 'ஓசி பஸ்'.

2022 செப்டம்பரில் அப்போதைய அமைச்சர் பொன்முடி, பெண்கள் பஸ்ஸில் ஓசியில் போவதாகப் பேச, சர்ச்சை வெடித்தது. இரண்டே எழுத்து வார்த்தைக்கு ஏன் இவ்வளவு கோபம்?

தமிழா, இங்கிலீஷா?

கிழக்கிந்திய கம்பெனியின் அலுவலகக் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் இல்லை. அவற்றின் மேல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்', அதாவது 'கம்பெனி வேலையாக' என்ற குறிப்பு இருக்கும். அதன் சுருக்கமான 'ஓ.சி.'தான் நம் வாயில் 'ஓசி' ஆனது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அப்போது அது பெரிய சலுகை

1854-ல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணமாக அரை அணா தபால் வரும் வரை, தூரத்தைப் பொறுத்து கட்டணம் ஏறும். அந்தக் காலத்தில் காசில்லாமல் கடிதம் போவது என்றால் சும்மாவா? பிரிட்டனிலும் எம்.பி.க்களுக்கு இலவசத் தபால் உரிமை இருந்தது. நண்பர்களின் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஏகத்துக்கும் தவறாகப் பயன்படுத்தினார்கள். 1840-ல் அந்த உரிமையே ரத்தானது.

அப்போ காசு யார் கொடுத்தது?

இங்கேதான் விஷயம். 'ஓ.சி.' கடிதத்தைச் சுமந்த ஆளுக்குக் கூலி உண்டு. அந்தச் செலவு கம்பெனி கணக்கில் ஏறியது. கம்பெனியின் கஜானாவை நிரப்பியதோ நம் ஊர் மக்களின் வரி. இன்றைய பஸ்ஸிலும் அதே கணக்குதான். பெண்களின் டிக்கெட் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. அந்தப் பணத்தில், கடையில் சோப்பு வாங்கும்போது அதே பெண்கள் கட்டும் வரியும் இருக்கிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1956-ல் என்.எல்.சி. நிறுவனம் உருவானதில் இருந்து, மண்ணுக்கு அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைக் கொடுத்தவை சுற்றியுள்ள கிராமங்கள். அந்த ஊர்ப் பெண்களைப் பார்த்து 'ஓசி' என்றால், கோபம் வரத்தானே செய்யும்?