ஊர் சுற்றும் படிப்பு யாருக்குச் சொந்தம்?

"ஊர் சுற்றுவதற்கும் ஒரு படிப்பா? அதற்கு ஒரு கல்லூரி, ஒரு பட்டமா?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேலி பேசுகிறார்கள். தோழர்களே, இது சிரித்துத் தள்ளும் விஷயமல்ல!

ஒரு காலத்தில் புதுவை என்றால் மில். சங்கு ஊதினால் ஊரே எழுந்து நடக்கும். அந்தச் சங்கு இன்று இல்லை. ஏ.எப்.டி., சுதேசி, பாரதி ஆகிய மூன்று ஆலைகளும் 2020-இல் இழுத்து மூடப்பட்டன. "மில் போனால் என்ன, சுற்றுலா சோறு போடும்" என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். யாருக்குப் போடும்? நூல் நூற்றவன் மகன் விடுதியில் தட்டுக் கழுவுகிறான். நாற்று நட்டவள் மகள் அங்கே அறை கூட்டுகிறாள். விடுதிக் கணக்கைப் பார்ப்பவனும், எந்தக் கரையில் எதைக் கட்டலாம் என்று திட்டம் போடுபவனும் படித்தவர்கள். காலாப்பட்டுப் பல்கலைக் கழகத்தில் சுற்றுலாவுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

"ஓய்வும் உல்லாசமும் பணக்காரன் சமாசாரம்" என்பது முதலாளி கட்டிவிட்ட கதை. சரித்திரத்தைப் புரட்டுங்கள்! 1936 ஜூன் மாதம் பிரான்சில் தொழிலாளர்கள் ஆலைகளைப் பிடித்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை, வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. சலுகைக் கட்டணத்தில் ரயில் ஏறி, எத்தனையோ தொழிலாளிகள் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தார்கள்.

அடுத்த மாதமே, ஜூலை 30-இல், அதே பிரெஞ்சு ஆட்சி புதுவையில் என்ன செய்தது? சவானா மில் தொழிலாளர்கள் மீது குண்டு பொழிந்தது. 12 தோழர்கள் மாண்டார்கள். அங்கே ரயில் டிக்கெட். இங்கே துப்பாக்கிக் குண்டு! ஆனாலும் நம்மவர்கள் பணியவில்லை. 1937-இல் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி வேலை நாளும் கிடைத்தது. புதுவைத் தொழிலாளி மாலையில் கடற்கரையில் கால் நீட்டி உட்கார முடிந்தது அந்த ரத்தத்தின் விலையில்தான். ஓய்வைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் இதையல்லவா முதல் பாடமாக வைக்க வேண்டும்?

இன்னொரு பாடம் கடலில் கிடக்கிறது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கரை நீட்டினார்கள். இந்தக் கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல் கரை அதை மறித்தது. நகரத்தின் மணற்கரையை அலை தின்றது. வடக்கேயுள்ள மீனவக் குப்பங்களைக் கடல் அரித்தது. மணல் இருந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டினார்கள். 2018-இல் தண்ணீருக்கடியில் ஒரு தடுப்பு அமைத்த பிறகுதான் நகரக் கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டது. கரை போனால் பயணிக்கு ஒரு மாலைப் பொழுது நஷ்டம். மீனவனுக்கோ படகு ஏற்றவே இடமில்லை!

ஊசுட்டேரியைப் பாருங்கள். 2008-இல் அது பறவைகள் சரணாலயமானது. அங்கே படகு விடட்டும், பறவை பார்க்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஏரி வெட்டியது வயலுக்காக. தண்ணீர் முதலில் பயிருக்கு; பிறகுதான் படகுக்கு.

இன்றைய பயணியின் இன்பத்துக்காக நாளைய மக்களின் கடலையும் ஏரியையும் அழிக்காத சுற்றுலாவை "நிலைத்த சுற்றுலா" என்கிறார்கள். நல்ல சொல். ஆனால் துண்டை மறுபடி உபயோகிக்கச் சொல்லி ஒரு அட்டையை மாட்டிவிட்டு, துண்டு துவைப்பவளை 12 மணி நேரம் வேலை வாங்கினால் அது நிலைத்த சுற்றுலாவா? 2005-இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி 12 லட்சியங்களைக் கூறுகிறது. தண்ணீர், காற்று, காடு மட்டுமல்ல; நல்ல கூலியோடு தரமான வேலையும், உள்ளூர் மக்களின் அதிகாரமும் அந்தப் பட்டியலில் உண்டு. முதலாளி அந்தப் பக்கத்தைப் புரட்ட மாட்டான். நம் பிள்ளை படித்தால் புரட்டிக் காட்டுவான்!

ஆகவே நாம் கேட்பது இது: ஆலையிழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பில் இடமும் உதவித் தொகையும் வேண்டும். பாடத்தில் தொழிலாளர் சட்டமும் கரையோர மக்களின் உரிமையும் சேர வேண்டும். விடுதித் தொழிலாளிக்கு எட்டு மணி வேலையும் வார விடுமுறையும் ஏட்டில் இருந்தால் போதாது, நடப்பில் வேண்டும்.

பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள், தோழர்களே! தட்டுக் கழுவ மட்டுமல்ல, திட்டம் போடவும் அவர்கள் தகுந்தவர்கள். இந்தக் கடற்கரையில் உட்காரும் உரிமைக்கு 1936-லேயே நாம் விலை கொடுத்துவிட்டோம்!