சரவாங்கிதானா என்று சிறுநீரையும் கேளுங்கள்

கட்டுரையாளர்: மூட்டு வாதநோய் சிறப்பு மருத்துவர்

“சரவாங்கின்னு சொல்லிட்டாங்க டாக்டர்” என்றபடி ரத்தப் பரிசோதனைத் தாளை மேஜையில் வைப்பார்கள். ‘ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்’ என்ற வரியைச் சுற்றி பேனாவால் ஒரு வட்டம் இருக்கும். வந்தவர் இளம்பெண் என்றால் அந்த வட்டத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வெயிலில் போனால் முகம் சிவக்கிறதா, வாயில் வலியில்லாத புண் வருகிறதா, முடி கொத்தாகக் கொட்டுகிறதா, கரு கலைந்ததுண்டா என்று கேட்கத் தொடங்குவேன். மூட்டுவலிக்கு வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கூட வந்த அம்மா முகம் சுளிப்பதும் உண்டு.

முடக்குவாதம் எனும் சரவாங்கியும், அந்தக் கேள்விகளால் நான் தேடும் லூபஸ் என்ற நோயும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். விரல் கணுக்கள் வீங்கும். காலையில் கை மடங்க ஒரு மணி நேரம்கூட ஆகும். இரண்டிலும் நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குகிறது. ஆனால், முடக்குவாதம் மூட்டின் உள்சவ்வில் தொடங்கி எலும்பை அரிக்கும். லூபஸ் பெரும்பாலும் எலும்பை அரிப்பதில்லை. விரல் கோணிப்போனாலும் பிடித்து நிமிர்த்தினால் நிமிர்ந்துவிடும். அதன் கைவரிசை வேறு இடத்தில்: சிறுநீரகத்தில், அதுவும் வலியே இல்லாமல்.

அந்த வட்டமிட்ட வரி லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடமும் வரும். காசநோயிலும் ஹெபடைட்டிஸ் சி தொற்றிலும், நோயே இல்லாத சில முதியவர்களிடமும்கூட வரும். முடக்குவாதத்துக்கு ‘ஆன்ட்டி சி.சி.பி.’, லூபஸுக்கு ‘ஆன்ட்டி டி.எஸ். டி.என்.ஏ.’ ஆகிய ரத்தப் பரிசோதனைகள் அதைவிட நம்பகமானவை.

லூபஸைச் சரவாங்கி என்று முடிவு கட்டிவிட்டால் வலி மாத்திரை தொடரும். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சேரும். முன்னது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. பின்னது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது; அங்கே பழுதிருந்தால் உடலில் தேங்கி நஞ்சாகும். இரு நோய்க்கும் பொதுவான மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினோ மூட்டுவலியைக் கொஞ்சம் தணித்து, தவறை மறைத்துவைக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் எளிய, செலவு குறைந்த சோதனை இத்தனையையும் தவிர்க்க உதவும். ஆனால், மூட்டுவலிக்காரரிடம் சிறுநீர் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை!

இரண்டு நோயும் ஒருவரிடமே சேர்வதும் உண்டு. அரிதான அந்தச் சேர்க்கைக்கு 1971-இல் பீட்டர் ஷூர் ‘ரூபஸ்’ என்று பெயர் வைத்தார். பலரிடம் முடக்குவாதம் முதலில் வரும்; லூபஸ் சில ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். அதனால்தான் எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெளிவாகத் தெரியும் பழைய நோயாளி, “இந்த தடவை யூரின் டெஸ்ட் வேணாமே டாக்டர்” என்றாலும் சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறேன்.