போல்ட் ஏறிவிட்டால் போதுமா?



ஒரு காரின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறொரு மாடலின் சக்கரங்களைப் பொருத்தி ஓட்டும் வழக்கம் நம் இளைஞர்களிடையே பெருகி வருகிறது. மிம்பர்களில் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘பெருமை’, ‘வீண்விரயம்’ என்ற இரண்டு சொற்களோடு அது முடிந்துவிடுகிறது. நாம் அந்தப் பேச்சோடு உடன்படவில்லை. பெருமையைக் கண்டிக்கும் அதே நபிமொழியில்தான் அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்ற செய்தியும் வந்திருக்கிறது. ஹலாலான சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டிக்கு அழகான சக்கரம் மாட்டுவது அடிப்படையில் ஆகுமானதே. நாம் குற்றம் என்று சொல்வது வேறொன்றை. அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று நல்ல வியாபாரி, பழைய ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அதற்கு மெர்சிடிஸ் பென்ஸ் காரிலிருந்து கழற்றிய சக்கரங்களை ஒரு கடையில் பொருத்திக்கொண்டார். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறத் தொடங்கிற்று. கடைக்காரர் மூன்று முறை பேலன்சிங் செய்து மூன்று முறையும் பணம் பெற்றுக்கொண்டார். உதறல் நிற்கவில்லை. கடைசியில், “ஐந்து போல்ட்டும் ஏறிவிட்டனவே பாய், அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்” என்று அனுப்பிவிட்டாராம். இந்தச் சொல்லுக்குத்தான் நம் மறுப்பு.

நாம் மெக்கானிக் அல்லர். ஆனால் அறியாததை அறிந்தோரிடம் கேட்குமாறு ஏவப்பட்டவர்கள். ஆகவே கேட்டோம்.

அந்த இரு கார்களிலும் ஐந்து போல்ட்களின் நடுப்புள்ளிகள் அமையும் வட்டம் 112 மில்லிமீட்டர்தான். அதனால்தான் போல்ட் ஏறியது. ஆனால் சக்கரத்தின் மையத் துளை காரின் ஹப் விளிம்பின்மீது இறுக்கமாக அமர வேண்டும். ஆடியின் ஹப் 57.1 மில்லிமீட்டர், பென்ஸ் சக்கரத்தின் துளையோ 66.6 மில்லிமீட்டர். இடையே 9.5 மில்லிமீட்டர் வெற்றிடம். சக்கரத்தை நடுவில் நிறுத்த அங்கே எதுவும் இல்லை. முடுக்கும்போது இம்மியளவு விலகி அமர்ந்தாலும் வேகத்தில் உதறும். பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் தனியாகச் சரியாக நிற்பதால் அங்கே குறை தெரியாது. இந்த வெற்றிடத்தை நிரப்பவென்றே வளையங்கள் விற்கின்றன. சக்கரங்களின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை அற்பம். “எடையைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கம்தானே, வளையம் எதற்கு?” என்று சிலர் வாதிடுவர். இறுக்கம் தாங்குவது உண்மையே. சக்கரம் நடுவில் அமராத நிலையில் முடுக்கினால் அந்த இறுக்கமே கோணலை நிலைநிறுத்திவிடும்.

இதைவிடக் கொடியது போல்ட்டின் கதை. ஆடி போல்ட்டின் அமரும் பகுதி கோள வடிவினது. அதன் ஆரம் 13 மில்லிமீட்டர். பென்ஸ் சக்கரத்தின் குழியும் கோள வடிவமே. ஆனால் ஆரம் வேறு. அந்தக் கடைக்காரரோ இரண்டையும் விட்டுவிட்டுக் கூம்பு வடிவ போல்ட்களை முடுக்கியிருந்தார். கோளக் குழியில் கூம்பு அமர்ந்தால் முழுப்பரப்பும் தொடாது. மெல்லிய கோடு போன்ற ஒரு வட்டம் மட்டுமே தொடும். ஓட்டத்தில் அது தேய்ந்து தளரும். தளர்ந்த சக்கரம் கழன்று எங்கே ஓடும்? ஓட்டுபவரின் மடிக்கா? சாலையோரம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயின்மீது அது பாய்ந்தால் அதற்கு யார் பொறுப்பு?

“என் வண்டி, என் பணம்” என்போருக்கு இதுவே பதில். தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கில்லை என்பது நம் ஃபிக்ஹின் அடித்தளங்களுள் ஒன்று. சாலை உங்கள் பணத்தில் வாங்கியதன்று. நாட்டின் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

தவக்குலைப் பற்றி ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டும்படி சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மக்தபில் ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் பாடம் இது. அரைகுறை வேலைக்குத் திரை போட தவக்குலை இழுப்பவர் தம் கைவேலையின் குற்றத்தை அல்லாஹ்வின் விதியில் ஏற்றுகிறார். இதைவிட அந்த உதறலே மேல். அது உண்மையையாவது சொன்னது.

112 மில்லிமீட்டர் சக்கரத்தை 114.3 மில்லிமீட்டர் ஹப்பில் வலிந்து ஏற்றுவோரும் உண்டு. இரண்டேகால் மில்லிமீட்டர்தானே என்பர். அளவையில் இரண்டேகால் கிராம் குறைத்துத் தங்கம் விற்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா?

பழைய உதிரி பாகங்கள் விற்று ஹலாலாக உண்ணும் நம் சகோதரர்கள் சென்னைப் புதுப்பேட்டையிலும் பிற ஊர்களிலும் பலர் உள்ளனர். அவர்களைக் குறித்து நாம் பேசவில்லை. விரிசல் விட்ட சக்கரத்தைப் பற்றவைத்து வண்ணம் பூசி நல்லதென்று விற்போரையும், சக்கரம் மாற்றிய வண்டியை அதைச் சொல்லாமலே கைமாற்றுவோரையும் குறித்தே பேசுகிறோம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரம் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்று அவர் சொன்ன காரணம் உண்மையாகவே இருந்தது. ஆயினும் மறைத்தது குற்றமாயிற்று. சக்கரத்தின் ஈரம் அதன் பின்புறத்தில் இருக்கிறது. எவ்வளவு எடை தாங்கும், ஆஃப்செட் என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும். வாங்குபவர் கேட்கும்முன் அதைத் திருப்பிக் காட்டுபவர் எத்தனை பேர்?

நம் மாணவர் பின்னர் உரிய வளையங்களையும், சக்கரத்தின் குழிக்கும் காரின் மரைக்கும் ஒருசேரப் பொருந்தும் போல்ட்களையும் வாங்கினார். வேறொரு பட்டறையில் டார்க் ரெஞ்ச் கொண்டு, காருக்குக் குறித்த 120 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்கித் தந்தார்கள். சில பத்து கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் வரச்சொல்லிச் சரிபார்த்தார்கள். உதறல் நின்றது. கழற்றிய கூம்பு போல்ட்களைப் பழைய கடைக்காரரிடம் கொண்டுபோய் விவரத்தைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அடுத்த வண்டிக்கு ஆகும்” என்று அவற்றை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டாராம்.