காற்று மெத்தையும் கைச் சோதனையும்

நெடுநாள் படுத்த படுக்கையாயிருக்கும் முதியோர் உள்ள வீடுகளில் காற்று மெத்தை இப்போது சாதாரணமாகக் காணும் பொருளாகிவிட்டது. உடலின் பாரம் இடுப்பு, குதிகால் முதலிய எலும்பு துருத்தும் இடங்களில் இடைவிடாது அழுத்தினால், அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. அதைத் தவிர்ப்பதற்கே இந்த மெத்தை. இதன் காற்றறைகள் பெரும்பாலும் இரண்டு வரிசைகளாக இணைக்கப்பட்டிருக்கும். சிறு மோட்டார் ஒன்று ஒரு வரிசையை நிரப்பி மற்றதைத் தளர்த்தும். சில நிமிஷம் சென்றதும் முறையை மாற்றும். இதனால் பாரம் ஓரிடத்திலேயே நிலைத்து நிற்பதில்லை.

இந்த மெத்தையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? மோட்டார் ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வீட்டாரும் நிம்மதியாக இருப்பார்கள். மெத்தையோ மெள்ள மெள்ள அமிழ்ந்து, நோயாளி கட்டில் பலகையின்மீதே கிடப்பார். வாய் பேச இயலாதவராயின், பாவம், அதை அவர் யாரிடம் சொல்லுவார்?

ஆகையால், தினந்தோறும் கைச் சோதனை அவசியம். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, மெத்தைக்கு அடியில், நோயாளியின் இடுப்புக்கு நேராக, காற்று நிரம்பியுள்ள அறையின் கீழே செலுத்திப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலக் கனமாவது காற்று இருக்கவேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை பயனற்றுப் போயிற்று என்று அறியலாம்.

"மெத்தை கெட்டுவிட்டது, வேறு வாங்கவேண்டியதுதான்" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். முதலில் நோயாளியை வேறு படுக்கைக்கு மாற்றுங்கள். குழாய் எங்கேனும் மடிந்தோ, கட்டிலின் சட்டத்தில் நசுங்கியோ இருக்கிறதா? மூட்டுகள் இறுக்கமாகப் பொருந்தியுள்ளனவா? அவசரத்தில் காற்றை வெளியேற்றும் அடைப்பான் இருந்தால், அது நன்றாக மூடியிருக்கிறதா? பிறகு மோட்டாரிலிருந்து குழாய்களைக் கழற்றி, துளைகளில் விரலை வைத்துப் பாருங்கள். ஒன்றில் காற்று வந்து மற்றதில் வராவிட்டால் அது பழுதென்று எண்ணவேண்டாம். இரண்டும் முறை வைத்து ஊதுகின்றன. சில நிமிஷம் பொறுத்தால் உண்மை தெரியும்.

இவை யாவும் சரியாயிருந்தால் குற்றம் மெத்தையில்தான். அதை நன்றாகக் காற்றேற்றி, குழாய் முனைகளை அடைத்து, மோட்டாரை மின்சாரத்திலிருந்து பிரித்து அப்பால் வையுங்கள். அமைதியான அறையில் காதைக் கொடுத்துக் கேட்டால் பெரிய ஓட்டை சீறும். ஈரமான புறங்கையை மேலே நகர்த்தினால் சிறிய ஓட்டை சில்லென்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் அகப்படாததைச் சோப்பு நீர் கண்டுபிடித்துவிடும். நுரையைத் துணியால் பகுதி பகுதியாகத் தடவிவந்தால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழி திரண்டு எழும். ஒட்டுத் தையல்களின் ஓரங்களையும் குழாய் சேருமிடத்தையும் மறவாதீர்கள். ஒரு சங்கதி: சில மெத்தைகளில் சருமத்துக்குக் காற்றோட்டம் வேண்டி நுண்துளைகளை வேண்டுமென்றே இட்டிருப்பார்கள். சம இடைவெளியில் வரிசையாகக் குமிழிகள் எழுந்தால் அவற்றை அடைக்கலாகாது.

ஓட்டையைச் சுற்றி மையினால் வட்டமிட்டு, காற்றை முழுதும் இறக்கி, சோப்புப் பிசுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். சைக்கிள் டியூபுக்குப் போடும் ரப்பர் பசை இந்தப் பிளாஸ்டிக்கில் நன்றாகப் பிடிக்காது. வினைல் பசையும் வினைல் துண்டுமே வேண்டும். ஒட்டியபின் பாரம் வைத்து, பசை நன்றாக இறுகும்வரை பொறுக்கவேண்டும். அதுவரை நோயாளிக்கு மெத்தென்ற பஞ்சு மெத்தை போதும். ஆனால் அவரை அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கவேண்டும்.

திருப்புவதை மெத்தை செப்பமான பிறகும் நிறுத்தலாகாது. இரண்டு மணிக்கு ஒரு தடவை என்பது வழக்கம். வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி செய்யவேண்டும். 1940-ஆம் ஆண்டையொட்டிச் சேவாகிராமத்தில், தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரியாருக்குக் காந்தியடிகள் தம் கைகளாலேயே பணிவிடை செய்தார். ஆசிரமத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. இருந்தும் அந்த வேலையை அவர் பிறரிடம் விட்டுவிடவில்லை. மோட்டார் காற்றைத்தான் ஊதும். நோயாளி அசௌகரியமாகக் கிடக்கிறாரா என்று பார்ப்பது நம் கையின் வேலை.