புதன்கிழமைப் பிற்பகல் யாருக்கு?

இங்கிலாந்தின் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகள் பலவற்றில் புதன்கிழமை மதியத்துக்குப் பிறகு பாட வகுப்பு இருக்காது. படிப்பவர்கள் நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுப் பிள்ளைகள். பதினாறு வயதில் வந்து, பெரும்பாலும் மூன்று பாடங்களில் ஏ லெவல் தேர்வு எழுதிவிட்டு, பதினெட்டில் வெளியேறுகிறார்கள். அந்தப் பிற்பகலில் ஒரு கூட்டம் நாடக ஒத்திகைக்குப் போகும். ஒரு கூட்டம் ஹாக்கி மட்டையோடு பேருந்து ஏறும். விவாத மன்றத்தில் இருவர் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஆரம்பப் பள்ளிக்குப் போய் ஏழு வயதுக் குழந்தையின் அருகில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. இன்னும் சிலர் நேராகக் கடை வேலைக்குப் போய்விடுவார்கள்.

தேர்வுத்தாளில் இடம்பெறாத இந்தச் சில மணி நேரம் யாருக்குக் கிடைத்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போனால், இங்கிலாந்து தன் இளைஞர்களில் எவரைப் பொருட்படுத்தியது என்பது தெரிந்துவிடுகிறது.

எல்லாம் தொடங்கியது வசதி படைத்தவர்களின் விடுதிப் பள்ளிகளில். ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, ஆறாம் படிவத்து (சிக்ஸ்த் ஃபார்ம்) மூத்த மாணவர்களின் கையில் பள்ளியின் ஒழுங்கை ஒப்படைத்தார். விளையாட்டில் அவருக்குப் பெரிய நாட்டம் இருந்ததில்லை. மைதானத்தை அவர் பெயரோடு பிணைத்தவர்கள் பின்னால் வந்தவர்களே. அவரிடம் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் காட்டன், 1852இல் மார்ல்பரோ பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனார். மாணவர் கலகம் நடந்து ஓய்ந்திருந்த பள்ளி அது. பிள்ளைகள் ஊர் சுற்றாமல் பள்ளி எல்லைக்குள் இருக்க, ஒழுங்குபடுத்தப்பட்ட ஆட்டங்களை அங்கே கொண்டுவந்தார். இதே காட்டன்தான் 1858இல் கல்கத்தாவின் பிஷப்பாக வந்தார். பெங்களூரின் பிஷப் காட்டன் பள்ளிக்கு இருப்பது அவர் பெயர். ஒன்பது பெரிய பள்ளிகளை ஆராய்ந்த கிளாரண்டன் ஆணையம், கிரிக்கெட் மைதானமும் கால்பந்துத் திடலும் மனிதரை உருவாக்குகின்றன என்று 1864இல் அறிக்கையிலேயே எழுதிவைத்தது. அங்கே உருவானவர்கள் நாடாளுமன்றத்துக்கும் படைக்கும் நம் நாட்டு ஆட்சிப் பணிக்கும் போனார்கள். கூட்டத்தின் முன் நின்று பேசவும், குழுவை நடத்தவும், தோற்ற பிறகு கை குலுக்கவும் அவர்கள் கற்ற இடம் வகுப்பறைக்கு வெளியே இருந்தது. அதற்கான கட்டணத்தைத் தந்தை கட்டினார். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சி மன்றங்கள் நடத்திய கிராமர் பள்ளிகள் அந்த வடிவத்தை அப்படியே நகல் எடுத்தன. ஹவுஸ், பிரிஃபெக்ட், பள்ளி இதழ், விவாதச் சங்கம் எல்லாம் வந்தன. ஆனால் தொடக்கத்தில் கட்டணம் கட்ட முடிந்த, அல்லது பதினொரு வயதுத் தேர்வில் தேறிய சிறுபான்மைக்குத்தான் அங்கே இடம்.

திருப்பம் 1965இல் வந்தது. கல்வி அமைச்சர் ஆன்டனி கிராஸ்லண்டின் 10/65 சுற்றறிக்கை, எல்லாருக்கும் பொதுவான பள்ளி முறைக்கு மாறும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டு, அதற்கான ஆறு வழிகளையும் சொன்னது. அவற்றில் ஒன்று, பதினாறு வயது வரை ஒரு பள்ளி, அதற்கு மேல் தனியாக ஒரு கல்லூரி. அடுத்த ஆண்டே லூட்டன் நகரில், பழைய கிராமர் பள்ளியை மாற்றி, முதல் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி தொடங்கியது. 1974இல் கேம்பிரிட்ஜின் ஹில்ஸ் ரோடும் வின்செஸ்டரின் பீட்டர் சைமண்ட்ஸும் அப்படியே மாறின.

அப்போது எழுந்த எதிர்ப்பில் ஒரு வாதம் கனமானது. ஆறாம் படிவத்தின் அடையாளங்களில் ஒன்று சமூகப் பொறுப்பு என்று 1959இல் குரௌதர் அறிக்கை சொல்லியிருந்தது. பதினேழு வயது மாணவி பதினோரு வயதுச் சிறுமியைக் கவனித்துக்கொள்வாள். அணித் தலைவன் சின்னப் பையன்களுக்குப் பந்து போடக் கற்றுக்கொடுப்பான். சின்னவர்களே இல்லாத ஒரு கட்டடத்தில் பெரியவர்களை மட்டும் சேர்த்து வைத்தால் இந்தப் பொறுப்பை எங்கே கற்பார்கள்? கேட்டவர்கள் பழமைவாதிகள் மட்டும் அல்லர். நல்ல ஆசிரியர்களும் கேட்டார்கள்.

கல்லூரிகள் பதிலைச் செயலில் சொன்னன. பொறுப்பை வெளியே தேடிப் போயின. அலெக் டிக்சன் 1958இல் வெளிநாட்டுத் தொண்டுக்காக வி.எஸ்.ஓ. அமைப்பையும், 1962இல் உள்நாட்டுத் தொண்டுக்காக இன்னோர் அமைப்பையும் தொடங்கியிருந்தார். இளைஞர்கள் பிறருக்குப் பயன்பட விரும்புகிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை என்பது அவர் நம்பிக்கை. அந்தக் காற்று கல்லூரிகளுக்குள்ளும் வீசியது. முதியோர் இல்லம், மருத்துவமனை, ஆரம்பப் பள்ளி என்று மாணவர்கள் போனார்கள். எடின்பரோ கோமகன் விருதும் 1956இல் தொடங்கிவிட்டது. ஜான் ஹன்ட், எவரெஸ்ட் குழுவை 1953இல் நடத்தியவர், அதன் முதல் இயக்குநர். கூடாரத்தைத் தோளில் சுமந்து மழையில் மலையேறும் அனுபவம் அதன் வழியாக லூட்டன் மாதிரித் தொழில் நகரத்துப் பிள்ளைக்கும் எட்டியது.

போருக்குப் பிந்தைய இங்கிலாந்து செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுகாதார சேவையைப் போல இதை யாரும் கொண்டாடவில்லை. ஆனால் கட்டணப் பள்ளி தன் மாணவனுக்குத் தந்த மேடையும் மைதானமும் கேட்டவருக்கெல்லாம் இலவசமாகக் கிடைத்தன. அவை கட்டாயம் இல்லை என்பதும் முக்கியம். பிரம்புக்குப் பயந்து ஓடிய ஓட்டம் வேறு, விரும்பிப் போய் நின்ற நாடக மேடை வேறு.

மாணவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். இருபது பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் செப்டம்பரில் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். பழைய நண்பர்கள் வேறெங்கோ போயிருப்பார்கள். சீருடை கிடையாது, ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் கல்லூரிகள் பல. வாரத்தில் பாதி நேரம் வகுப்பே இருக்காது. அந்தப் புது வெளியில் தன்னோடு பேச ஒருவரைத் தேடும் பிள்ளைக்கு மன்றமும் குழுவும்தான் கதவு. விகன் அருகிலுள்ள வின்ஸ்டன்லி கல்லூரியில் சந்தித்த நால்வர் 1990இல் ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். பின்னர் உலகம் கேட்ட ‘த வெர்வ்’ அது. புகழ் எல்லாருக்கும் வராது. அப்படி ஒரு சந்திப்பு நிறையப் பேருக்கு வாய்த்தது.

இந்த அனுபவத்துக்கு ஆயுள் குறைவு. முதல் ஆண்டு முழுக்கப் பழகிய மாணவி அடுத்த செப்டம்பரில் மன்றத்தின் செயலாளர் ஆவாள். அதற்கடுத்த மே மாதம் தேர்வு, பிறகு அவள் இல்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எல்லாவற்றையும் யாராவது மறுபடி தொடங்கவேண்டும். அந்த ‘யாராவது’ ஓர் ஆசிரியர். அவருக்கு நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும்.

1993 ஏப்ரலில் கல்லூரிகள் உள்ளாட்சியின் கையிலிருந்து பிரிந்து தனி அமைப்புகள் ஆயின. மைய அரசின் நிதிச் சூத்திரம் அவற்றின் மூச்சாயிற்று. 2000இல் ஏ லெவல் திருத்தியமைக்கப்பட்டபோது, பாடத்தோடு சேர்த்து வழிகாட்டலுக்கும் செயல்பாடுகளுக்கும் ஒதுக்கீடு வந்தது. அது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 114 மணி நேரம் என்ற அளவில் இருந்தது. வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி. 2011இல் அது 30 மணியாக வெட்டப்பட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, அதிலும் வழிகாட்டி ஆசிரியரைச் சந்திக்கும் நேரம் அடங்கும். அதே ஆண்டில், ஏழை மாணவருக்கு வாரம் 30 பவுண்டு வரை தந்த உதவித்தொகையும் இங்கிலாந்தில் நின்றது. பேருந்துக் கட்டணம் அதிலிருந்துதான் போனது. 2013இலிருந்து ஒரு மாணவருக்கான அடிப்படை நிதி 4,000 பவுண்டில் ஏழு ஆண்டுகள் உறைந்து நின்று, 2020இல் 4,188 ஆயிற்று. விலைவாசி உறையவில்லை. இசைக்குழுவையும் பயணங்களையும் விளையாட்டையும் குறைத்துவிட்டோம் என்று கல்லூரிகள் தங்கள் சங்கத்தின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லின. கணிதத்தை நிறுத்த முடியாது; பாடகர் குழுவை நிறுத்தலாம். கல்லூரி முதல்வர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியவர்களைச் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டு எல்லார் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வயலின் வகுப்பை அம்மா தேடிக்கொடுப்பார். மற்றவர்களுக்குக் கல்லூரியில் இல்லையென்றால் எங்கும் இல்லை. குடும்ப வருமானத்தோடு இத்தகைய பங்கேற்பும் ஏறி இறங்குகிறது என்று அந்நாட்டின் சமூக முன்னேற்ற ஆணையம் 2019இல் பதிவுசெய்தது. ஒத்திகை நடந்தாலும், நாலரை மணிக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டியவர் அதில் இருக்க மாட்டார். தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவரும் இருக்க மாட்டார். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, மிருதங்கம், பரதம் என்று உழைக்கிறார்கள். அந்த உழைப்பையும் சமூகமே தன் கைக்காசில் தாங்குகிறது.

இவற்றுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் உண்டு. மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தகுதிக் கணக்கில் பத்து விழுக்காடு இணைச் செயல்பாடுகளுக்குப் போகிறது. இங்கிலாந்து அந்த வழியில் போகவில்லை, போகாதது நல்லது. எண்ணிக்கை தொடங்கியதும் வசதியுள்ளவர் சான்றிதழ் சேர்ப்பார், விரும்பி வந்தவர் ஒதுங்கிப்போவார். 2026 சேர்க்கைக்கான பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பழைய தன்விளக்கக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன. படிப்புக்கு வெளியே வேறென்ன செய்து தயாரானீர்கள் என்பது மூன்றாவது. கடை வேலையையும் வீட்டில் ஒருவரைப் பராமரிப்பதையும் அங்கே எழுதலாம் என்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் நாடகத்தில் நிற்க ஆசைப்பட்டு நிற்க முடியாமல் போனவருக்கு அந்தப் பெட்டி எதையும் திருப்பித் தராது.

2022இல் அரசு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 40 மணி நேரம் கூட்டிக்கொடுத்தது. முழுநேரப் படிப்பின் கீழ் எல்லை 540இலிருந்து 580 மணி ஆயிற்று. கொரோனாவில் இழந்த கல்வியை ஈடுகட்டவே அது முதன்மையாகத் தரப்பட்டது. 2011இல் எடுக்கப்பட்டது 84 மணி. அதை முழுவதுமாகத் திருப்பிக் கேட்கும் உரிமை கல்லூரிகளுக்கு உண்டு. திரும்பி வரும் மணி நேரம் கடைசிப் பேருந்துக்கு முன்னால், பகல் கால அட்டவணைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று சேர்த்துக் கேட்பதும் அவசியம்.