சிற்றுடற் கருவியும் சிதம்பரத்துக் கரணங்களும்

படமெடுக்கும் பழக்கத்தைப் பிலிம் சுருளோடு சேர்த்துப் பரணில் ஏற்றிவிட்டவர்கள் நம்மிடையே பலர். பணி, குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று ஆண்டுகள் ஓடியபின், நாற்பதைத் தாண்டிய வயதில் அந்த ஆசை மீண்டும் தலைதூக்குகிறது. உடனே எழும் கேள்வி, எந்தக் கேமரா வாங்குவது என்பதுதான். கையில் பணம் அளவோடு இருக்கிறது. கடையில் கருவிகள் அளவின்றி இருக்கின்றன. அண்மையில் நண்பர்கள் சிலர் நம்மிடமும் இதைக் கேட்டார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் எண்ண வேண்டா. வேலை நிறைய இருக்கிறது என்பதே நம் கருத்து.

கேமராவைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை, வாங்குபவர் எங்கே நின்று எதைப் படமெடுக்கப் போகிறார் என்பதைக் கேட்பதே இல்லை. ஓடும் நாயையும் பறக்கும் பறவையையும் எவ்வளவு விரைவாகப் பற்றுகிறது, எத்தனை மெகாபிக்சல், அசையும் படம் எவ்வளவு நன்றாக வருகிறது என்று அளந்து தரம் பிரிக்கிறார்கள். கடலூரில் குடியிருந்துகொண்டு, விடுமுறை நாளில் முதல் பேருந்து ஏறிச் சிதம்பரம் போய்ச் சிற்பம் பார்த்துவரும் ஒருவருக்கு இந்த அளவுகோல்கள் பொருந்துமா? கல் ஓடுவதில்லை, பறப்பதுமில்லை.

சிதம்பரம் கோயிலின் நான்கு கோபுர நுழைவழிகளிலும், இருமருங்குச் சுவர்த் தூண்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சிறு கட்டங்களுக்குள் ஆடல் மகளிர் நிற்கிறார்கள். பரதரின் நாட்டிய சாத்திரம் நான்காம் இயலில் சொல்லும் 108 கரணங்கள் இவை. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்நூலின் இலக்கண வரிகளும் கிரந்த எழுத்தில் உடன் பொறிக்கப்பட்டுள்ளன. நூலும் அதன் உரையும் ஒரே கல்லில் இருப்பதுபோல் சொல்லும் சிற்பமும் அருகருகே இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்களோடு வேலை நின்றுபோயிற்று. நம் மாவட்டத்து விருத்தாசலத்திலும் கரணச் சிற்பங்கள் உண்டு. எனினும் இலக்கண வரியோடு சேர்த்துப் பயில வேண்டுமானால் சிதம்பரத்துக்குத்தான் வர வேண்டும்.

இவற்றை உலகம் அறிந்துகொண்டதில் படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1914-ஆம் ஆண்டு சென்னைக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை இக்கரணங்களைப் படங்களோடு வெளியிட்டது. 1936-இல் ‘தாண்டவ லட்சணம்’ என்ற நூல் சிதம்பரத்துச் சிற்பப் படங்களோடு ஆங்கிலத்தில் வந்தது. அதை ஆக்கிய மூவருள் ஒருவரான பி. வி. நாராயணசாமி நாயுடு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர்! ஆடற்கலை அவர் சம்பளம் வாங்கிய துறை அன்று. தம் ஊரிலிருந்த ஒன்றை ஆசையோடு பார்த்தார். அந்த ஆசை நூலாயிற்று. பொழுதுபோக்கு என்று நாம் தாழ்த்திச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னும் பின்னோக்கிப் போனால், 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். தாளில் எதிர்ப்படம் எடுத்த காலம் அது. வண்டியில் ஏற்றிப் போக வேண்டிய கருவிகளைக் கொண்டு அவர் செய்ததைத் தோள்பையில் அடங்கும் கருவியால் நாம் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் இடம் சில நிபந்தனைகளை விதிக்கிறது. கோபுர நுழைவழி இருண்டது. இருபுறமும் வெளியே கண்ணைக் கூசும் வெயில். மக்கள் ஓயாமல் போய்வரும் வழியாதலின் முக்காலி விரிப்பது முறையன்று. பளிச்சிடும் விளக்கு சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும். வழிபட வருவோருக்கும் இடையூறு. மேற்கட்டங்கள் தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கின்றன. இவற்றோடு, கோயிலின் உட்பகுதியில் படமெடுக்கத் தடை உண்டு என்பதையும், கோபுர வாயிலிலும் கேட்டுவிட்டு எடுப்பதே பண்பு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்நிலையில் நமக்கு வேண்டியவை எவை? குறைந்த ஒளியில் கை நடுக்கத்தை அடக்கும் வசதி, சற்றே தொலைவைக் கிட்டக் கொணரும் ஒளிமிக்க லென்ஸ், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர், பேருந்து நெரிசலில் உறுத்தாத உருவம் ஆகிய நான்குதான். அதிவேகக் குவியம் இப்பட்டியலில் இல்லை.

இங்கேதான் மிரர்லெஸ் என்று கடைகளில் வழங்கும் ஆடியில்லாக் கேமரா நமக்குக் கை கொடுக்கிறது. பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஓர் ஆடி சாய்ந்து நின்று காட்சியை மேலே அனுப்பும். படமெடுக்கும் நொடியில் மேலெழும். அந்த ஆடிக்கு இடம் வேண்டுமாதலால் லென்ஸ் விலகியே இருந்தாக வேண்டும். நிக்கானின் பழைய அமைப்பில் இந்த இடைவெளி 46.5 மில்லிமீட்டர். பானாசோனிக் நிறுவனம் 2008-இல் ஜி1 என்ற கருவியில் ஆடியை நீக்கியது. பிறரும் தொடர்ந்தனர். இன்று சோனியில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர்; நிக்கானின் புதிய அமைப்பில் 16. எஞ்சிய தூரத்தை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். அதுவே அடாப்டர். அதனுள் கண்ணாடி எதுவுமில்லை, விலையும் மிகுதியில்லை.

இதன் பொருள் யாதெனில், திரும்பி வருபவர் வெறுங்கையோடு வரவில்லை என்பதே. நம் அலமாரியில் நிக்கான் எஃப்எம்10 கருவியோடு 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு பென்டாக்ஸோ யாஷிகாவோ இருக்கலாம். துளையளவு வளையம் உள்ள பழைய லென்ஸ்கள் யாவும் அடாப்டரின் துணையோடு புதிய உடலில் வேலை செய்யும். குவியத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். கல்லை எடுப்பவருக்கு அது ஒரு குறையா? வியூஃபைண்டரில் காட்சியைப் பன்மடங்கு பெருக்கி, விரல் நுனி வரை பார்த்துக் குவிக்கலாம். நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. வியூஃபைண்டரின் சிறு சக்கரத்தைத் திருப்பி நம் பார்வைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால், படிக்கும் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. கேனனின் தானியங்கிக் குவிய லென்ஸ்கள் போல வளையம் இல்லாதவற்றுக்கு மட்டும் வெற்றுக் குழாய் உதவாது. துளையளவை மாற்ற வழியிருக்காது.

இனி உடலுக்கு வருவோம். புதியவற்றுள் கேனன் ஆர்50, நிக்கான் இசட்30 ஆகியவை சிறியவை. நானூறு கிராமை ஒட்டிய எடை. நல்ல கருவிகளே. ஆனால் நடுக்கம் அடக்கும் அமைப்பு இவற்றின் உடலில் இல்லை. உடன் வரும் லென்ஸில்தான் இருக்கிறது. நம் பழைய லென்ஸை மாட்டினால் அந்த உதவி போய்விடும். இசட்30-இல் வியூஃபைண்டரும் இல்லை. பலர் பரிந்துரைக்கும் 2014-ஆம் ஆண்டுச் சோனி ஏ6000 வியூஃபைண்டரோடு 344 கிராம்தான். அதன் உடலிலும் நடுக்க அடக்கம் கிடையாது. உடலிலேயே அவ்வமைப்பு உள்ள புதிய கருவிகளோ, நாம் நமக்கு வகுத்துக்கொண்ட நாற்பதாயிரம் ரூபாய் எல்லையைத் தாண்டிவிடுகின்றன.

ஆதலின், நம் பரிந்துரை பழையதொன்றை வாங்குவதே. 2015-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2, 2016-இல் வந்த பானாசோனிக் ஜிஎக்ஸ்85 ஆகிய இரண்டிலும் உடலிலேயே நடுக்க அடக்கம் உண்டு, வியூஃபைண்டர் உண்டு, உருவமும் சிறிது. சென்சார் சிறியது, 17.3-க்கு 13 மில்லிமீட்டர் என்பதும், 16 மெகாபிக்சல்தான் என்பதும் குறைகளாகச் சொல்லப்படும். 16 மெகாபிக்சல் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் 15 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். எந்த ஆய்வு நூலின் பக்கம் அதைவிடப் பெரியது? சென்சார் சிறிதாயிருப்பதால் நம் 50 மில்லிமீட்டர் லென்ஸ் பிலிம் கணக்கில் 100 மில்லிமீட்டராகிறது. உயரத்துக் கட்டங்களை நெருங்க அதுவே நமக்கு வேண்டியது.

நடுக்க அடக்கத்தின் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இந்த 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க, பழைய விதிப்படி நொடியில் 100-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். இருண்ட வாயிலில் அதற்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்படுகிறது என்று கொள்வோம்; படம் மணல் மணலாக வரும். நடுக்க அடக்கம் நான்கு படிகள் உதவும் என்பது நிறுவனங்களின் கணக்கு. அதில் பாதி கிடைத்தாலும் வேகத்தை 25-இல் ஒரு பங்காகவும் ஐஎஸ்ஓவை 800 ஆகவும் குறைக்கலாம். ஆடும் மனிதர்களுக்கு இந்த வேகம் ஆகாது. ஆடி நின்ற சிலைக்கு ஆகும். பழைய லென்ஸ் தன் அளவைத் தானே சொல்லாதாகையால், 50 என்று பட்டியலில் நாமே குறித்துவிட வேண்டும்.

கைப்பேசி போதாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடலூர்க் குண்டு சாலைக்கும், தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்கும், புனித டேவிட் கோட்டையின் எச்சங்களுக்கும், கண்மட்டத்தில் உள்ள கல்வெட்டுக்கும் கைப்பேசியே போதும். அதற்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டா. ஆனால் உயரத்துச் சிற்பத்தை அரையிருளில் பெருக்கி எடுக்கும்போது, கைப்பேசி பல படங்களைக் கலந்து, மணலை வழித்து, விளிம்பைக் கூர்மையாக்கித் தருகிறது. பார்க்க அழகாயிருக்கும். விரலின் வளைவு உளி செய்ததா, கணிப்பு செய்ததா என்று சொல்ல முடியாது. கரணத்தில் விரல் நிலையும் பாத நிலையும்தானே இலக்கணம்? ஏட்டில் எழுத்துத் தேய்ந்த இடத்தில் ஊகித்து எழுதிவிட்டு, மூலபாடம் என்று சொல்வதை நாம் ஏற்பதுண்டா?

பழைய கருவி வாங்கும்போது சில சோதனைகள் தேவை. லென்ஸினூடே டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற பூஞ்சை தெரியும், தெரிந்தால் விலகிவிடுங்கள். துளையைச் சுருக்கி வெற்று வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசு புள்ளிகளாக வெளிப்படும். பேட்டரி இன்றும் கிடைக்கிறதா என்றும், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்றும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் நம் பகை கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் வீடுகளின் ஈரம் நாமறிந்ததே. தோலுறையில் வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு விருந்து வைக்கும். இறுக மூடும் நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வையுங்கள். நீலமணிகள் இளஞ்சிவப்பானால் சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

மீதிப் பணம் இருந்தால் இன்னொரு லென்ஸுக்குச் செலவிடாமல் பேருந்துக்குச் செலவிடுங்கள். கிழக்குக் கோபுர நுழைவழி கிழக்கு மேற்காகச் செல்வது. எதிர்க் கட்டடங்கள் மறைக்காத அளவுக்குக் காலை வெயில் உள்ளே புகும்போது, அது சுவரை உரசிக்கொண்டு போகிறது. கல்லில் ஆழமும் மேடும் துலங்க அந்தப் பக்க ஒளியே வேண்டும். மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து எழுவதால் வடசுவர் ஒளி பெறும். ஆனியில் வடக்கே சாய்வதால் தென்சுவர் பெறும். ஆடவல்லானின் இரு பெருந்தரிசனங்களும் இவ்விரு திங்களில்தான் வருகின்றன! திருவிழா நாளில் கூட்டம் நெருக்கும். முன்னும் பின்னும் சில நாள் தள்ளிப் போகலாம். மேற்குக் கோபுரத்துக்கு மாலை வெயில்.

இத்தனையும் எதற்கு? கோயில் கல் என்றும் அப்படியே இருக்கும் என்பது நம் பழைய நம்பிக்கை. கைபடுகிறது, எண்ணெய் படிகிறது, திருப்பணியின் பெயரால் வண்ணமும் சுண்ணமும் ஏறுகின்றன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையும் 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் கடலூர்க் கரையை மாற்றிப்போட்டன. அதற்கு முந்தைய நாள் நம் தெரு எப்படியிருந்தது என்று காட்ட நம்மில் எத்தனை பேரிடம் படம் இருக்கிறது? 1936-ஆம் ஆண்டுப் படத்தருகே இன்றைய படத்தை வைத்தால்தான், எந்த விரல் தேய்ந்தது, எந்த எழுத்து மறைந்தது என்று அறிய முடியும். அதற்கு, எடுத்தவர் நாளையும் கோபுரத்தையும் சுவரையும் கீழிருந்து எத்தனையாவது கட்டம் என்பதையும் குறித்திருக்க வேண்டும். குறிப்பில்லாத படம் அட்டையும் முதலேடும் இழந்த சுவடிக்கு ஒப்பு.

நண்பர்களுக்கு நாம் சொன்ன விடை இதுதான். பழைய லென்ஸைப் பரணிலிருந்து இறக்குங்கள். அதைத் தாங்கும் சிற்றுடல் ஒன்றைப் பழையதாகவே வாங்குங்கள். கூடவே ஒரு குறிப்பேடும் வாங்குங்கள். ஒரு கோபுரத்தின் ஒரு சுவரை எடுத்து முடிக்கும்வரை அடுத்த கருவியைப் பற்றிப் பேச வேண்டா.